தாலி ஜாமீன் பத்திரம் அல்ல

கருமாதிப் பந்தலில் ஒரு பேனா தேவைப்பட்டது. கொடுத்தவன் நான்.

இதை எழுத எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம். இப்போது எழுதுவதற்குக் காரணமும் அதே வெட்கம்தான். ஆகையால், பிறரைக் குற்றம் சாட்டப் புறப்பட்ட கட்டுரை என்று இதை யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். குற்றவாளிக் கூண்டில் முதலில் நான் ஏறி நின்றுகொண்டுதான் பேசுகிறேன்.

2014-ஆம் வருஷம். பெரம்பலூரை அடுத்த செட்டிகுளத்துப் பக்கத்தில் ஒரு கிராமம். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் திடீரென்று செத்துப் போய்விட்டான். குத்தகை நிலத்தில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போட்டுக் காலம் தள்ளியவன். சின்ன வெங்காயத்தைப் பற்றி அந்தப் பக்கத்துக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். விலை ஏறினால் மனிதனை ராஜாவாக்கும். இறங்கினால் பட்டறையிலேயே அழுகி அவனையும் சேர்த்து அழுக வைக்கும். என் நண்பன் ராஜாவானதும் உண்டு. அழுகிப் போனது அதைவிட அதிகம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தி எழுந்தது. வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தது. ஊர்ப் பெரியவர்களில் ஒருவர் மடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மிகுந்த துக்கத்துடன் படித்தார். புரோநோட்டு. தொண்ணூறாயிரம் ரூபாய். மூன்று வட்டி; அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்.

“இப்பப் பணம் கேக்கல தாயி. மனுசன் போயிட்டான். நோட்டை மாத்தி உன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டாப் போதும்” என்றார்.

குரலில் கருணை ததும்பியது. கூடியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். கதவோரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள், அந்தக் கூட்டத்தில் படித்தவன் என்று தனக்குத் தெரிந்த ஒரே ஆளைத் தேடிப் பார்த்தாள்.

“என்னண்ணே செய்யட்டும்?”

நான் கதை எழுதுகிறவன். பெண்களின் துயரத்தைப் பக்கம் பக்கமாக எழுதிக் கடிதங்களும் பாராட்டுகளும் வாங்கியவன். நான் சொன்னேன்: “போட்டுடும்மா. அவன் பேரு கெடக் கூடாது.” சொன்னதோடு நிற்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைத் திருகி, அவள் கையில் கொடுத்தேன். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதினாள். எழுதி முடித்ததும் பந்தலே பெருமூச்சு விட்டது. “மானஸ்தி” என்றார் ஒருவர். “பொம்பளைன்னா இவ பொம்பளை” என்றார் இன்னொருவர். பேனாவைத் திரும்ப வாங்கிப் பையில் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு ஏறினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது வருஷம் கழித்து, வேறு ஏதோ காரியமாகப் பெரம்பலூர்க் கோர்ட்டுக்குப் போனபோது, அங்கே வக்கீலாக இருக்கும் ஒரு சிநேகிதரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

“இறந்தவருக்குச் சொத்து என்ன இருந்தது?” என்று கேட்டார்.

“ஓர் ஆயில் எஞ்சின். இரண்டு கறவை மாடு. வீடு அவன் தாயார் பேரில்.”

“அப்படியானால் எஞ்சினும் மாடும் என்ன விலைக்குப் போகுமோ அவ்வளவுதான் அந்தக் கடனுக்குப் பொறுப்பு. அதற்குமேல் அந்தம்மா தன் கையிலிருந்து ஒரு பைசா கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல. அந்தக் கையெழுத்தைப் போடுகிற வரையில். கையெழுத்து விழுந்த நிமிஷத்தில் அது செத்தவர் கடன் அல்ல, அவர் கடன். பேனா யாருடையது என்று சொன்னீர்கள்?”

நான் பதில் சொல்லவில்லை.

வாசகர்களே, நம் நாட்டில் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. ஒன்று புத்தகத்தில் இருப்பது. மற்றொன்று திண்ணையில் இருப்பது. புத்தகச் சட்டத்தைப் படிக்கக் கண்ணாடி வேண்டும், வக்கீல் வேண்டும், பீஸ் வேண்டும். திண்ணைச் சட்டத்துக்கு எதுவும் வேண்டாம்; நாலு பேர் வாய் போதும். புருஷன் கடன் பெண்டாட்டி கடன் என்பது திண்ணைச் சட்டம். புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கல்யாணம் ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் கணவன் கடனுக்கு மனைவியோ, மனைவி கடனுக்குக் கணவனோ பொறுப்பாளியாவதில்லை. கடன் வாங்கியவர் இறந்துபோனால், அவர் விட்டுச்சென்ற சொத்து வாரிசின் கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத்தான் கடன்காரர் கேட்கலாம். 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதே சட்டத்தின் அறுபதாம் பிரிவு ஜப்தி செய்யக் கூடாத பொருள்களுக்கு ஒரு ஜாபிதா கொடுக்கிறது. கடனாளிக்கும் மனைவி மக்களுக்கும் அவசியமான துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை. அவற்றோடு, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத ஆபரணம். அந்த ஆபரணம் எது என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பணக் கடனுக்காக ஒரு பெண்ணைக் கைது செய்து சிறையில் வைக்கக் கூடாது என்று ஐம்பத்தாறாம் பிரிவு சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கு இருந்த கூச்சம் நமக்கு இருந்ததா? கோர்ட்டு அமீனா தொட முடியாத தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிவிட்டு அடகுக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் நாம். அப்படிக் கொடுக்கிற பெண்ணைப் பார்த்து, குடும்பத்துக்கு ஏற்றவள் என்று மெச்சுகிறவர்களும் நாம்.

“சட்டம் கிடக்கட்டும் ஐயா, நம் தர்மம் என்ன சொல்கிறது?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பந்தலில் தலையசைத்தவர்களும் தர்மத்தைத்தான் மனசில் வைத்துக்கொண்டு அசைத்தார்கள். நல்லது, அதையும் பார்ப்போம். யாக்ஞவல்கிய ஸ்மிருதி பெண்ணுக்குப் பரிந்து பேச எழுதப்பட்ட நூல் அல்ல. அதுவே என்ன விதிக்கிறது? குடும்பத் தேவைக்காக வாங்கியது நீங்கலாக, கணவன் பட்ட கடனை மனைவி தீர்க்க வேண்டியதில்லை. தானே ஒப்புக்கொண்டது, கணவனோடு சேர்ந்து வாங்கியது, தனியே தான் வாங்கியது, இவற்றைத் தவிர வேறு கடனுக்கு அவளைப் பிடிக்கலாகாது. பித்ருக் கடன் என்று நம் முன்னோர்கள் கட்டிவிட்டதெல்லாம் மகன், பேரன், கொள்ளுப்பேரன் தலையில்தான். அந்தக் கட்டையும் 2005-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அவிழ்த்துவிட்டது. தகப்பன் கடனுக்காக, மகன் என்ற காரணத்தைக் காட்டியே மகனைப் பிடிக்கிற வழி அந்த வருஷத்தோடு அடைபட்டது. மகனுக்கு விடுதலை கிடைத்துவிட்டது. எந்தக் காலத்திலும் கட்டப்படாத மனைவியைத்தான் திண்ணை இன்னும் விடவில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். “குடும்பத் தேவை நீங்கலாக என்று நீரே சொன்னீர். வெங்காயத்துக்கு உரம் வாங்கிய கடன் குடும்பத் தேவை இல்லையா? அந்தச் சோற்றை அவளும்தானே தின்றாள்?”

தின்றாள். மறுக்கவில்லை. களையெடுத்ததும் அவள், நடவுக்குப் போனதும் அவள், பட்டறையில் வெங்காயத்தைக் கொட்டி வாரியதும் அவள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதும் அவள். தின்ற சோற்றுக்கு அவள் தினம் தினம் விலை கொடுத்துவிட்டுத்தான் தின்றாள். இப்போது என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். வெங்காயம் விலை ஏறிய வருஷத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அது யார் பேரில்? பாங்கிக் கணக்கு யார் பேரில்? என்ன பயிர் வைப்பது, யாரிடம் கடன் வாங்குவது, என்ன வட்டி, இதில் எதை அவளிடம் கேட்டார்கள்? தொண்ணூறாயிரம் ரூபாய் நோட்டு ஒன்று இருக்கிறது என்பதே பதினாறாம் நாள் பந்தலில்தான் அவளுக்குத் தெரியும். இலாபத்தில் கூட்டு இல்லை, யோசனையில் கூட்டு இல்லை, நஷ்டத்தில் மட்டும் அவள் கூட்டாளி. வியாபாரத்தில் யாராவது இப்படிக் கூட்டுச் சேர்வார்களா? சேரச் சொன்னால் கை கொட்டிச் சிரிப்பார்கள். குடும்பத்தில் அதற்குப் பதிவிரதா தர்மம் என்று பெயர்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. மளிகைக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். வீட்டு அம்மாள் வந்து அரிசியும் பருப்பும் எண்ணெயும் கடனில் வாங்கிப் போகிறாள். அவர் யாரைக் கேட்பது? இதற்கும் பழைய சட்டத்தில் விடை உண்டு. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் ஒருவருக்காக இன்னொருவர் செயல்படுகிற காரியஸ்தர் என்ற நிலையை ஏற்கிறது. அதைச் சொல்லால் மட்டுமல்ல, நடைமுறையாலும் கொடுக்கலாம் என்கிறது. கணவனோடு சேர்ந்து வாழ்ந்து குடித்தனம் நடத்துகிற மனைவி, அந்தக் குடும்பத்தின் தரத்துக்கு ஏற்ற அவசியப் பொருள்களைக் கடனாக வாங்கினால், கணவன் சார்பில் வாங்கியதாகக் கொள்ளலாம். கணவன் கொடுக்க வேண்டும். ஆனால், போதிய பணம் கொடுத்திருந்தேன், கடன் வாங்காதே என்று சொல்லியிருந்தேன் என்று அவன் நிரூபித்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். 1880-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபைக்கு வந்த ஒரு வழக்கில் இதுதான் நடந்தது. ஹோட்டல் நிர்வாகி ஒருவரின் மனைவி கடன் வைத்துத் துணி வாங்கினாள். உடைக்கென்று தனியே பணம் கொடுத்து, கடன் வாங்கக் கூடாதென்றும் சொல்லி வைத்திருந்தேன் என்றார் கணவர். கடைக்காரர் தோற்றார்.

இந்தச் சட்டம் மனைவிக்கு என்ன பதவி கொடுத்திருக்கிறது என்று கவனித்தீர்களா? கணக்குப்பிள்ளை! குடித்தனம் அவனுடையது, இவள் அவனுக்காகச் சாமான் வாங்கி வருகிற ஏஜெண்டு. அவன் விரும்பினால் அதிகாரத்தைக் கொடுக்கலாம், விரும்பாவிட்டால் பிடுங்கிக்கொள்ளலாம். ‘என் மனைவி வாங்கும் கடன்களுக்கு நான் பொறுப்பல்ல’ என்று பத்திரிகையின் மூலையில் கனவான்கள் விளம்பரம் செய்கிறார்களே, அது இந்தப் பிடுங்கலின் அச்சு வடிவம்தான். ‘என் புருஷன் வாங்கும் கடன்களுக்கு நான் பொறுப்பல்ல’ என்று ஒரு மனைவி கொடுத்த விளம்பரத்தை நான் இதுவரை படித்ததில்லை. படித்தவர்கள் எனக்கு எழுதுங்கள். அந்தப் பெண்மணிக்கு ஒரு மாலை அனுப்பி வைக்கிறேன்.

வேறு தேசங்களில் இந்தக் கேள்வியை எப்படித் தீர்த்தார்கள்? ஜெர்மனியில் மனைவி வீட்டுக்கு வாங்கினால் கணவன் கொடுக்க வேண்டும் என்றுதான் முன்பு இருந்தது. 1977-இல் அமலுக்கு வந்த சீர்திருத்தம், இருவரில் யார் வீட்டுக்கென்று நியாயமான அளவில் வாங்கினாலும் இருவருக்கும் பொறுப்பு என்று மாற்றியது. பிரான்ஸில் குடித்தனச் செலவுக்கும் குழந்தைகள் படிப்புக்கும் பட்ட கடன் இருவரையும் கட்டும். ஆனால் குடும்பத்தின் தகுதிக்கு மீறிய ஊதாரிச் செலவு கட்டாது. இருவரும் சம்மதிக்காமல் வாங்கிய தவணைக் கடனும் கைமாற்றுக் கடனும், அன்றாடத் தேவைக்கான சிறு தொகையாக இருந்தாலொழிய, கட்டாது. இங்கிலாந்தில் 2001-இல் பிரபுக்கள் சபை பாங்கிகளுக்கு ஒரு கடிவாளம் போட்டது. புருஷன் வியாபாரக் கடனுக்கு மனைவி ஜாமீன் கையெழுத்துப் போடுவதானால், ஒரு வக்கீல் அவளை நேரில் உட்கார வைத்து, புருஷன் இல்லாத இடத்தில், அந்தக் கையெழுத்தின் விளைவு என்ன என்று விளக்கியிருக்க வேண்டும். புருஷன் இல்லாத இடத்தில்! அந்த ஒரு நிபந்தனையில் எவ்வளவு அனுபவம் இருக்கிறது பாருங்கள்.

நம் நீதிமன்றங்களும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. பம்பாய்ப் பங்குச் சந்தையில் ஒரே தரகரிடம் கணவனும் மனைவியும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தார்கள். 2001-இல் சந்தை சரிந்து மனைவி கணக்கில் நஷ்டம் ஏறியது. கணவனும் பொறுப்பா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் ஆம் என்றது. ஏன்? கணவன் என்பதற்காக அல்ல. இரண்டு கணக்குக்கும் இருவரும் பொறுப்பு என்று வாய்மொழியாக அவரே ஒப்புக்கொண்டு அப்படியே நடந்தும் வந்ததற்காக. 2021 மார்ச்சில் வந்த மற்றொரு தீர்ப்பில், கணவன் கொடுத்த செக் திரும்பி வந்ததற்காக மனைவியையும் குற்றவாளியாக்க முடியாது என்றது. கடனில் அவளுக்கும் பங்கு இருக்கலாம், ஆனால் செக்கில் அவள் கையெழுத்து இல்லை. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பொறுப்பைக் கொண்டுவருவது சம்மதம்தான். மூன்று முடிச்சு கொண்டுவருவதில்லை.

அவள் நகையும் அப்படித்தான். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் இந்துப் பெண்ணின் கையிலுள்ள சொத்து முழுக்க அவளுடையதே என்றது. சீதனம் கணவனுக்கும் மனைவிக்கும் பொதுச் சொத்து அல்ல என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஏப்ரலில் கேரளப் பெண் ஒருவரின் 89 பவுன் பற்றிய வழக்கில் மறுபடியும் சொன்னது. கஷ்ட காலத்தில் கணவன் அதை எடுத்துப் பயன்படுத்தலாம். திருப்பிக் கொடுக்கும் கடமை அவனுக்கு உண்டு. நம் வீடுகளில் எடுத்ததற்குக் கணக்கு உண்டா? திருப்பியதற்காவது கணக்கு உண்டா? “அடுத்த வெள்ளாமைக்கு மீட்டுடலாம்” என்ற வாக்குறுதி நம் பெண்களுக்குப் பெண்டாட்டி என்ற பேரோடு கூடவே வருகிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு, “இது பட்டிக்காட்டுச் சங்கதி, நமக்கென்ன?” என்று பக்கத்தைப் புரட்டப் போகும் மத்தியதர வாசகருக்கு ஒரு வார்த்தை. வீட்டுக் கடன் மனுவில் மனைவி கூட்டுக் கடனாளி. அவர் எத்தனை பக்கத்தில் கையெழுத்துப் போட்டார், அதில் எத்தனையைப் படித்தார்? கம்பெனிக் கடனுக்கு ஜாமீனாக அவரை நிறுத்தியபோது, “சும்மா ஒரு சம்பிரதாயம்” என்று சொன்னீர்களே, அந்தச் சம்பிரதாயத்தின் பொருள் என்ன என்று சொன்னீர்களா? ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமானம் என்கிறது 1872 சட்டம். கடன்காரர் முதலில் உங்களைத் துரத்திவிட்டுத்தான் அவரிடம் வர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. பந்தலில் நான் பேனா கொடுத்தேன். நீங்கள் குளிர்சாதன அறையில், நாற்காலி போட்டு, காபி வரவழைத்துக் கொடுத்தீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

வக்கீல் சிநேகிதரிடம் பேசிய சில வாரங்களில் அவளைத் தேடிப் போனேன். அவள் பிறந்த ஊருக்கே திரும்பிவிட்டாள் என்றார்கள். பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் அரியலூர். சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு நடுவே, வெள்ளைப் புழுதி படிந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு, அங்கிருந்து செந்துறைப் பக்கம். முந்திரிக் காடு. அண்ணன் வீட்டுத் திண்ணையில் அவள் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துத் தோலுரிந்திருந்தன. ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்ட அதே விரல்கள்.

மூன்று வட்டிக்கு மாதம் இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய் வட்டி மட்டும். சில மாதம் கட்டினாள். பல மாதம் நின்றது. தோடும் சங்கிலியும் போயின. கடைசியில் மகளிர் குழுவில் சேர்ந்து கடன் வாங்கி, 2022-இல் புரோநோட்டை அடைத்தாள். ஒரு கடனை இன்னொரு கடன் விழுங்கியது. இப்போது குழுத் தவணை நடக்கிறது. ஒரு தவணை தவறிய அன்று, குழுப் பெண்கள் எட்டுப் பேர் பொழுது சாயும் வரை அதே திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தார்களாம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இவள் கட்டாவிட்டால் அவர்கள் கட்ட வேண்டும்.

இந்தக் குழுக் கடன் விசித்திரத்தைக் கவனியுங்கள். 2022 மார்ச்சில் ரிசர்வ் பாங்கி வகுத்த விதிப்படி, வருஷ வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுப்பது சிறுகடன். குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. நல்ல விதி. ஆனால் நடப்பு என்ன? வருமானத்தைக் கணக்கிடும்போது குடும்பம். வாங்கிய பணம் போர் போடவும் சிங்கப்பூர்ப் பயணத்துக்கும் பையன் படிப்புக்கும் போகும்போதும் குடும்பம். திருப்பிக் கட்டும்போது மட்டும் அவள். கூட்டுப் பொறுப்பு என்று பக்கத்து வீட்டுக்காரி தலையைக் கொடுக்கிறாள். பணத்தைச் செலவழித்த புருஷன் வசூல்காரர் வரும் நேரம் பார்த்து வயலுக்குப் போய்விடுகிறான்.

காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் தவணை கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது, சொந்தக்காரரை வதைக்கக் கூடாது, வசை பாடக் கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கடன் வசூலில் மிரட்டலையும் வற்புறுத்தலையும் தண்டிக்க 2025-இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. சிறைத் தண்டனையே உண்டு. ஆனால், “தாலி கட்டினவன் கடனைத் தீர்க்க மாட்டியா?” என்று தெருவில் நின்று கேட்பதை வற்புறுத்தல் என்று அந்தத் தெருவில் யாரும் நினைப்பதில்லை. நியாயம் பேசுவதாகவே நினைக்கிறார்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலாவது, செத்தவன் கடனுக்கு அவன் மனைவியிடம் புது நோட்டு எழுதி வாங்குவது பிணத்தின் மேல் செய்கிற வியாபாரம். ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் அப்படி வாங்கிய பத்திரம் செல்லாது என்று சட்டம் வர வேண்டும். அது வரும்வரை, கருமாதி வீட்டில் காகிதம் எடுப்பவனை எழுப்பி அனுப்புவது ஊர்க் கட்டுப்பாடாக வேண்டும். இரண்டாவது, மனைவி ஜாமீனாகவோ கூட்டுக் கடனாளியாகவோ கையெழுத்திடும் எந்தக் காகிதமும், புருஷன் இல்லாத இடத்தில், தமிழில், அவளுக்குப் படித்துக் காட்டப்பட வேண்டும். மூன்றாவது, குடித்தனத்துக்காக வாங்கும் கடனில் இருவர் கையெழுத்தும் வேண்டும்; அந்தக் கடனால் வந்த சொத்திலும் இருவர் பேரும் வேண்டும். 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வீட்டைக் கட்டிக்காத்த மனைவியின் உழைப்பும் கணவன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்துக்கு ஈடு கொடுத்ததுதான், அவளுக்குச் சரிபாதி உண்டு என்று தீர்ப்பளித்தார். அந்த நியாயத்தைக் கடனுக்கும் நீட்டுங்கள். சொத்தில் பாதி என்றால் கடனிலும் பாதி, மறுக்கவில்லை. சொத்தில் ஒன்றுமில்லை என்றால் கடனிலும் ஒன்றுமில்லை.

ஒரு செய்தி. பெண்ணாகப் பிறந்த எவரும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவசச் சட்ட உதவி பெறலாம் என்று 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் கோர்ட்டு வளாகத்திலேயே கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இதை உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவளுக்குச் சொல்லுங்கள். உங்கள் மனைவிக்கும் சொல்லுங்கள்.

திண்ணையில் உட்கார்ந்து நான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். எஞ்சினும் மாடும் மட்டும்தான் பொறுப்பு, நீ போட்டிருக்க வேண்டாம், நான்தான் தப்புச் செய்தேன் என்று சொன்னேன். அவள் கொட்டை உடைப்பதை நிறுத்தவில்லை.

“அவரு வாங்குனதா இருந்தா என்ன, நா வாங்குனதா இருந்தா என்னண்ணே, கட்டுறது நாந்தானே” என்றாள் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாள் போலிருக்கிறது.

“நீங்க மனசு வருத்தப்படாதீங்க. நீங்க குடுக்கலைன்னா இன்னொருத்தரு குடுத்திருப்பாரு. அன்னிக்குப் பந்தல்ல எல்லாரு பையிலயும் பேனா இருந்துச்சு. போடாதேன்னு சொல்றதுக்குத்தான் ஒருத்தருமில்ல.”

உங்கள் சட்டைப்பையிலும் பேனா இருக்கிறது. அடுத்த முறை ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு உங்களைப் பார்த்து, “என்ன செய்யட்டும்?” என்று கேட்டால், அதை வெளியே எடுக்காதீர்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொல்லத் தவறிய வார்த்தை அது.